வேகமான லைட் ஆர்ட்டி: ரீலோடு நேரத்தில் எவ்வளவு தூரம், எந்தப் பக்கம் நகர்வது?

புதர்ப்பூனை:
வேர்ல்ட் ஆஃப் டாங்க்ஸ் என்ற இணைய டாங்க் ஆட்டத்தில் எடை குறைந்த, ஓட்டம் கூடிய ஆர்ட்டிகளுக்கென்று (தூரத்திலிருந்து சுடும் பீரங்கி வண்டிகள்) ஒரு தனி இழை வேண்டும் என்பதால் இதைத் தொடங்குகிறேன். பொது ஆர்ட்டி இழைகளில் மூலையில் நில், வட்டம் சுருங்கட்டும், சுடு என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஜி.டபிள்யூ. டைகர் மாதிரி கனமான வண்டிக்கு அது சரி. 6ஆம் டியர் (நிலை) ஏஎம்எக்ஸ் 13 எஃப்3, 7, 8ஆம் டியர் லொரேன்கள், 10ஆம் டியர் பேட்-சாட் 155 58, பிரிட்டிஷ் வரிசையில் எஃப்வி304 ஆகியவற்றுக்கு இது போதாது. தெரிந்துகொள்ள வேண்டியவை மூன்று.

ஒன்று, ஒரு ரீலோடுக்குள் (அடுத்த ஷெல் ஏறும் நேரம்) எவ்வளவு தூரம் நகர்ந்தால் லாபம்? இரண்டு, நகர்ந்து நின்றதும் எய்ம் வட்டம் (ஷெல் எங்கே விழலாம் என்று காட்டும் வட்டம்) பூதாகாரமாக விரிகிறது, சுருங்குவதற்குள் இலக்கு மறைந்துவிடுகிறது. இதை எப்படிச் சமாளிப்பது? மூன்று, எஃப்வி304ஐயும் பிரெஞ்சு வண்டிகளையும் ஒரே மாதிரி ஆடலாமா?

ட்ரேசர்வேட்டை:
முதல் கேள்விக்குக் கணக்குப் போட்டே பதில் சொல்லலாம்.

மணிக்கு 60 கி.மீ. என்றால் விநாடிக்கு 16.7 மீட்டர். அது சாலையில், நேர்க்கோட்டில், முழு வேகம் பிடித்த பிறகு. புல்தரையில் வளைந்து நெளிந்து போகும்போது சராசரி 35 கி.மீ. கிடைத்தாலே நல்லது. அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 10 மீட்டர். ரீலோடு 30 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் வண்டியை இலக்குப் பக்கம் திருப்ப 3 விநாடி. வட்டம் சுருங்க 8 விநாடி. மீதி 19. இதில் கிளம்பி வேகம் எடுப்பதிலும் பிரேக் போடுவதிலும் 4 விநாடி வீணாகும். ஓடக் கிடைப்பது 15 விநாடி, 150 மீட்டர்.

வட்டம் சுருங்க 8 விநாடி என்பது எங்கிருந்து வந்தது? வண்டித் தகவலில் போட்டிருக்கும் எய்ம் நேரம் வட்டம் முழுதாக மூடும் நேரம் அல்ல. வட்டம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும் நேரம் அது, துல்லியமாகச் சொன்னால் 2.7 மடங்கு குறைய ஆகும் நேரம். எய்ம் நேரம் 5 விநாடி உள்ள வண்டியில், நகர்ந்ததால் வட்டம் 5 மடங்கு விரிந்திருந்தால் முழுதாக மூட 8 விநாடி ஆகும். 8 மடங்கு விரிந்தால் 10.4 விநாடி. பலர் 5 என்று பார்த்துவிட்டு 5ஆவது விநாடியில் சுட்டு, ஷெல் பக்கத்து வீட்டில் விழுந்ததும் ஆட்டத்தைக் குறை சொல்கிறார்கள்.

ஆகவே நடைமுறை விதி: ரீலோடு எண்ணி 10 விநாடி பாக்கி இருக்கும்போது வண்டி நின்றிருக்க வேண்டும். அந்தப் பத்து தொடங்கும் முன் போய்ச் சேர முடியாத இடத்துக்குக் கிளம்பவே வேண்டாம்.

மண்மேடு:
கணக்கு சரி. ஆனால் ஒவ்வொரு ஷெல்லுக்கும் 150 மீட்டர் ஓடு என்று புதியவர்கள் புரிந்துகொள்ளக் கூடாது. நகர்வில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் குழப்பிக்கொள்வதுதான் லைட் ஆர்ட்டி ஆட்டத்தில் பெரிய தவறு.

முதலாவது, தப்புவதற்கான நகர்வு. எதிரி அணியில் ஆர்ட்டி இருந்தால் அவர் மேலிருந்து பார்க்கும்போது உங்கள் ஷெல்லின் ட்ரேசர் என்னும் ஒளிக்கோடு தெரியும். கோட்டைப் பின்னோக்கிப் பிடித்து நீங்கள் நின்ற இடத்தில் சுடுவார். அவருக்கு உங்கள் வண்டி ஸ்பாட் ஆகியிருக்க (பார்வையில் பட்டிருக்க) வேண்டிய அவசியமே இல்லை. இதிலிருந்து தப்ப 30, 40 மீட்டர் போதும், ஸ்ப்ளாஷ் (வெடிப்பின் வீச்சு) அவ்வளவு தூரம் எட்டாது. சுட்ட அடுத்த நொடியே கிளம்ப வேண்டும் என்பதுதான் முக்கியம், தூரம் அல்ல. ஷெல் விழுகிறதா என்று மேலிருந்தே பார்த்துக்கொண்டு நிற்கத் தேவையில்லை. அந்தப் பார்வையில் இருந்தபடியே வண்டியை ஓட்டலாம்.

இரண்டாவது, கோணத்துக்கான நகர்வு. பாறைக்குப் பின்னால் நிற்கும் டாங்கின் பக்கவாட்டைப் பிடிக்கப் போவது. 150 மீட்டர் இதற்குத்தான்.

ஆட்டம் தொடங்கியதும் டேப் விசையை அழுத்தி எதிரி அணியில் எத்தனை ஆர்ட்டி என்று பாருங்கள். 2017 ஏப்ரலில் வந்த 9.18 அப்டேட்டில் ஓர் அணிக்கு அதிகபட்சம் மூன்று என்று வரம்பு வைத்தார்கள். ஒன்றுகூட இல்லையென்றால் தப்பும் நகர்வு தேவையே இல்லை. கோணம் நன்றாக இருக்கும் இடத்தில் நான்கைந்து ஷெல் தொடர்ந்து சுடலாம். இருந்தால், ஒரே இடத்தில் இரண்டாவது ஷெல் கூடாது.

புதர்ப்பூனை:
இரண்டு வகையாகப் பிரித்தது தெளிவாக இருக்கிறது. கோண நகர்வில் 150 மீட்டருக்கு எவ்வளவு கோணம் கிடைக்கும்? போகிற நேரத்துக்குப் பலன் உண்டா?

ட்ரேசர்வேட்டை:
இலக்கிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. இலக்கு 450 மீட்டரில் இருக்க, பக்கவாட்டில் 150 மீட்டர் நகர்ந்தால் கோணம் சுமார் 18 டிகிரி மாறும். 700 மீட்டரில் அதே நகர்வுக்கு 12 டிகிரிதான். 300 மீட்டரில் 26 டிகிரிக்கு மேல். வரைபடத்தின் கடைசி வரிசையில் நின்றுகொண்டு இங்கும் அங்கும் ஓடுவது எரிபொருள் வீண் என்று சொல்வது இதனால்தான். கனமான ஆர்ட்டி கடைசி வரிசையில் நிற்கலாம். லைட் ஆர்ட்டி ஒரு படி முன்னால் நிற்க வேண்டும்.

450 என்ற எண்ணுக்கு இன்னொரு காரணமும் உண்டு. இந்த ஆட்டத்தில் எந்த டாங்கும் 445 மீட்டருக்கு அப்பால் எதையும் ஸ்பாட் செய்ய முடியாது. பார்வைத் தூரம் 500 என்று எழுதியிருந்தாலும் கண்டுபிடிப்பு 445இல் நின்றுவிடும். எதிரியின் முன்வரிசையிலிருந்து 450 மீட்டர் தள்ளி நின்றால் முன்வரிசை உங்களைப் பார்க்காது, பக்கவாட்டு நகர்வுக்கும் பலன் இருக்கும். அந்த வளையத்திலேயே பிறை வடிவில் இடமும் வலமுமாக ஓடுங்கள். முன்வரிசை நகர நகர வளையமும் நகரும்.

மினிமேப்பில் தூரம் பார்க்கும்போது ஒரு எச்சரிக்கை: எல்லா வரைபடத்திலும் ஒரு கட்டம் 100 மீட்டர் அல்ல. மலினோவ்கா, புரோகோரோவ்கா போன்றவை 1000 மீட்டர் வரைபடங்கள், அங்கு கட்டம் 100 மீட்டர். ஹிம்மல்ஸ்டார்ஃப் 700, கட்டம் 70 மீட்டர். மைன்ஸ் 800, கட்டம் 80. என்ஸ்க் 600, கட்டம் 60. மைன்ஸில் நான்கு கட்டம் தள்ளி நிற்கிறேன் என்றால் அது 320 மீட்டர்தான். வெளிச்சத்தில் நிற்பதற்குச் சமம்.

சக்கரவியூகம்:
பக்கவாட்டு நகர்வு பற்றிச் சொன்னதோடு நான் முழுக்க உடன்படவில்லை. பாறைக்கு மட்டும்தான் அது. தடுப்பது வீடு, அல்லது நீளமான மேடு என்றால் பக்கவாட்டில் எவ்வளவு ஓடினாலும் அதே சுவர்தான் எதிரில் இருக்கும். அப்போது செய்ய வேண்டியது பின்னால் போவது.

இதைப் பலர் தலைகீழாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். இலக்குக்கு நெருங்கினால் ஷெல் நேராக, தாழ்வாகப் பறக்கும். தள்ளிப் போனால்தான் அதே இலக்கை எட்ட கன் மேலே தூக்க வேண்டியிருக்கும். ஷெல் செங்குத்தாக இறங்கும். பிரெஞ்சு 155 மி.மீ. கன்களில் ஷெல் வேகம் அதிகம், பாதை தட்டை. 350 மீட்டரில் மூன்று மாடி வீட்டுக்குப் பின்னால் நிற்பவரைத் தொடவே முடியாது. 800 மீட்டருக்குப் பின்வாங்கினால் கூரையைத் தாண்டி விழ வாய்ப்பு வரும். ஷெல் பறக்கும் நேரம் கூடும், அவ்வளவுதான்.

பாறை, தனி மரம், உடைந்த டாங்க் இவற்றுக்குப் பின்னால் என்றால் பக்கவாட்டில் போக வேண்டும். வீட்டு வரிசை, நீளமான மேடு என்றால் பின்னால். இரண்டும் செய்யக் கால் வேண்டும், அந்தக் கால்தான் லைட் ஆர்ட்டியிடம் இருக்கிறது.

மண்மேடு:
இது அருமையான திருத்தம். கூடவே ஜி விசையையும் சேர்த்துச் சொல்லுங்கள். வழக்கமான மேற்பார்வையில் நடுவில் என்ன தடுக்கிறது என்பது தெரியாது. ஷெல்லின் பாதையை ஒட்டிப் பார்க்கும் இரண்டாவது பார்வைக்கு மாறினால், கூரையில் இடிக்குமா தாண்டுமா என்பது சுடும் முன்பே தெரியும். சுட்டபின் தெரிந்து பயன் என்ன, 30 விநாடி போய்விட்டது.

கட்டம்டி4:
தொடக்கநிலைக் கேள்வி, மன்னிக்கவும். நின்று வட்டம் பாதி சுருங்கியபின் இலக்கு கொஞ்சம் நகர்ந்தால், வண்டியே திரும்பி வட்டம் மறுபடி முழுதாக விரிகிறது. லொரேனில் இது அடிக்கடி நடக்கிறது. தவிர்க்க வழி உண்டா?

மண்மேடு:
மன்னிப்பு எதற்கு ப்ரோ, பாதிப் பேர் இதில்தான் தடுக்கி விழுகிறார்கள். டரட் (சுழலும் மேல்கூடு) இல்லாத வண்டியில் கன் இடமும் வலமும் சில டிகிரிதான் திரும்பும். அந்த எல்லையைத் தாண்டினால் ஆட்டமே வண்டியைத் திருப்பிவிடும். வண்டி திரும்பினால் வட்டம் விரியும், கேமோ நெட் (மறைப்பு வலை) கணக்கும் முதலிலிருந்து தொடங்கும்.

எக்ஸ் விசையை அழுத்தினால் வண்டி பூட்டிக்கொள்ளும். கன் எல்லைக்குள் மட்டும் திரும்பும். மறுபடி எக்ஸ் அழுத்தும் வரை, அல்லது நீங்கள் ஓட்டும் வரை பூட்டு இருக்கும். அதோடு அமைப்புகளில் மினிமேப் பகுதிக்குப் போய், கன் திரும்பும் எல்லையைக் காட்டும் விசிறியை இயக்கி வையுங்கள். அந்த விசிறிக்குள் எந்த எதிரிகள் விழுகிறார்கள் என்பதை மினிமேப்பிலேயே பார்த்துவிடலாம்.

இன்னும் முக்கியமானது, இடத்துக்கு வந்து சேரும் விதம். நின்றபின் திரும்புவது நேர விரயம். கடைசி 20 மீட்டரை இலக்கை நோக்கிய திசையிலேயே ஓட்டி முடியுங்கள். கிழக்கில் இலக்கு, நீங்கள் வடக்கு நோக்கி ஓடுகிறீர்கள் என்றால், நிற்கப்போகும் இடத்துக்குச் சற்று மேற்கே ஒதுங்கி ஒரு வளைவாகக் கிழக்கு நோக்கி நுழையுங்கள். வண்டி நிற்கும்போது மூக்கு ஏற்கெனவே இலக்கைப் பார்த்திருக்கும். ட்ரேசர்வேட்டை கணக்கில் போட்ட அந்த 3 விநாடி மிச்சம். மூக்கை ஓர் ஆளுக்கு நேராக வைக்காதீர்கள், இரண்டு மூன்று இலக்குகளின் நடுவில் வையுங்கள். ஒருவர் மறைந்தாலும் வண்டியைத் திருப்பாமல் அடுத்தவருக்கு மாறலாம்.

சரிவையும் கவனிக்க வேண்டும். மூக்கு கீழ்நோக்கிய சரிவில் நின்றால் கன் தூக்கும் கோணம் அந்த அளவுக்குக் குறையும். தூரத்து இலக்குக்கு எட்டாது. மூக்கு மேல்நோக்கி இருந்தால் எட்டும் தூரம் கூடும், கிட்டத்தில் இருப்பவரைச் சுட முடியாமல் போகும். சமதரை கிடைத்தால் சமதரையே.

இளங்குண்டு:
மறைப்பு பற்றி: பெரிய புதராகப் பார்த்து உள்ளே புகுந்து நின்றால் போதும், ஆர்ட்டியை யாரும் பார்க்க மாட்டார்கள். நகர வேண்டிய அவசியமே பாதி குறைந்துவிடும்.

சக்கரவியூகம்:
இல்லை நண்பா, சுடாமல் நிற்கும்வரைதான் அது. புதர் உங்களிடமிருந்து 15 மீட்டருக்குள் இருக்கும்போது சுட்டால் அந்தப் புதர் தரும் மறைப்பில் பெரும்பகுதி அந்த நேரத்துக்குப் போய்விடும். கன் பெரிதாக இருந்தால் சுடும்போது வண்டியின் சொந்த கேமோவும் அதிகமாகக் குறையும். 155 மி.மீ. என்றால் மிச்சம் ரொம்பக் கொஞ்சம். புதருக்குள் நின்று சுடும் ஆர்ட்டிக்கு அந்தப் புதர் கிட்டத்தட்ட இல்லாததற்குச் சமம்.

சரியான இடம் புதருக்குப் பின்னால் 15 மீட்டருக்கு மேல் தள்ளி. டாங்க் டிஸ்ட்ராயருக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு: பின்னால் போனால் புதர் கெட்டியாகி அவர் கண்ணையே மறைக்கும், வேறு யாராவது ஸ்பாட் செய்து தர வேண்டும். ஆர்ட்டிக்கு அந்தச் சங்கடமே இல்லை. நாம் பார்ப்பது மேலிருந்து. இலக்கை ஸ்பாட் செய்வதும் வேறு ஆள். ஆகவே ஆர்ட்டி இந்த விதியில் எதையும் இழப்பதில்லை, லாபம் மட்டும்தான். இதைப் பயன்படுத்தாமல் விடுவது பெரிய நஷ்டம். ஒரே புதர் அல்ல, எதிரிக்கும் உங்களுக்கும் நடுவே இரண்டு மூன்று புதர்கள் வரிசையாக வரும்படி நின்றால் இன்னும் நல்லது.

இன்னொன்று, 50 மீட்டர் விதி. எந்த வண்டியும் 50 மீட்டருக்குள் வந்தால், நடுவே மலையே இருந்தாலும் ஸ்பாட் ஆகிவிடும். ஸ்கவுட் (வேவு பார்க்கும் வண்டி) வழக்கமாக ஓடும் பாதையிலிருந்து 60 மீட்டராவது விலகி நிற்க வேண்டும்.

இளங்குண்டு:
15 மீட்டர் விதி டாங்க் டிஸ்ட்ராயருக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன். நன்றி. நகரும்போது மரங்களை இடித்துக்கொண்டு போவதால் பாதிப்பு உண்டா?

சக்கரவியூகம்:
உண்டு. மரம் விழுவது எதிரிக்குத் தெரியும். யாரும் இல்லாத காட்டில் வரிசையாக மரம் விழுந்தால் அங்கே என்ன ஓடுகிறது என்று ஆர்ட்டி ஆடும் எவருக்கும் புரியும். இடைவெளி பார்த்து ஓட்டுங்கள். வேகமும் குறையாது.

அச்சாணி:
உபகரணம் பற்றி யாரும் பேசவில்லையே. கன் ரேம்மர் ரீலோடை 10 விழுக்காடு குறைக்கும், அது கட்டாயம். கன் லேயிங் டிரைவ் எய்ம் வேகத்தை 10 விழுக்காடு கூட்டும், அதுவும் கிட்டத்தட்ட கட்டாயம். தகராறு மூன்றாவது இடத்தில்தான்: கேமோ நெட்டா, நகரும்போதும் திரும்பும்போதும் வட்டம் விரிவதைக் குறைக்கும் ரொடேஷன் மெக்கானிசமா, டர்போவா?

என் தேர்வு, நகர்ந்து ஆடுகிற வண்டிக்கு ரொடேஷன் மெக்கானிசம். கேமோ நெட் 3 விநாடி அசையாமல் நின்றபின்தான் வேலை செய்யும். நம் ஆட்டத்தில் பாதி நேரம் அது தூங்கும். டர்போ ஏற்கெனவே வேகமான வண்டிக்கு வேகம் சேர்க்கிறது; குறை வேகத்தில் இல்லை, நின்றபின் ஆகும் தாமதத்தில் இருக்கிறது. மேலே திறந்த வண்டிகளில் வென்டிலேஷன் பொருத்தவே முடியாது, அதைத் தேடி நேரம் போக்க வேண்டாம்.

குழுவினர் திறமையிலும் அதே தர்க்கம். ஓட்டுநருக்கு நகரும்போது வட்டம் விரிவதைக் குறைக்கும் ஸ்மூத் ரைடும், வண்டி திரும்பும் வேகம் கூட்டும் கிளட்ச் பிரேக்கிங்கும். கன்னருக்கு, டரட் திரும்பும்போது வட்டம் விரிவதைக் குறைக்கும் ஸ்னாப் ஷாட்டை விட எய்ம் நேரத்துக்கு உதவும் எதுவும் மேல், டரட் இல்லாத வண்டியில் விரிவு பெரும்பாலும் வண்டி திரும்புவதால் வருகிறது.

ட்ரேசர்வேட்டை:
ரொடேஷன் மெக்கானிசத்தின் லாபத்தை எண்ணாகப் பார்க்கலாம். நகர்வால் வரும் விரிவு 10 விழுக்காடு குறைந்தால், எய்ம் நேரம் 5 விநாடி உள்ள வண்டியில் மிச்சமாவது ஏறக்குறைய அரை விநாடி. கன் லேயிங் டிரைவ் அதே 8 விநாடியில் முக்கால் விநாடிபோல மிச்சம் பிடிக்கும். ஆகவே வரிசை: ரேம்மர், லேயிங் டிரைவ், பிறகுதான் மற்றது. எதிரி அணியில் வேகமான சக்கர வண்டிகள் அடிக்கடி வரும் டியர்களில் மூன்றாவது இடத்துக்கு கேமோ நெட் வைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நின்றிருக்கும் கடைசிப் பத்து விநாடியில்தான் ஸ்பாட் ஆகிறோம், அந்தப் பத்தில் ஏழு விநாடி நெட் விழித்திருக்கும்.

அச்சாணி:
ஏழு விநாடி கணக்கு நியாயம். ஒப்புக்கொள்கிறேன், 8ஆம் டியருக்கு மேல் நெட்டுக்கும் இடம் உண்டு.

புதர்ப்பூனை:
என் மூன்றாவது கேள்வி இன்னும் நிற்கிறது. எஃப்வி304?

சக்கரவியூகம்:
பிரெஞ்சு வண்டியின் வேகமும் இதன் வேகமும் ஒரே காரியத்துக்கு அல்ல. எஃப்வி304இல் ஷெல் மெதுவாக, மிக உயரமாகப் போய்ச் செங்குத்தாக விழும். வீடு, பாறை, மேடு எதுவும் பெரிய தடையல்ல. ஆகவே கோணம் தேடி ஓட வேண்டியதில்லை. விலை என்னவென்றால் எட்டும் தூரம் குறைவு. முன்வரிசை 200 மீட்டர் முன்னேறினால் நீங்களும் 200 மீட்டர் முன்னேற வேண்டும், இல்லையென்றால் சும்மா நிற்பீர்கள். வேகம் அதற்கு.

இதனால் ஆட்டத்தின் உருவமே மாறுகிறது. எஃப்வி304 தன் அணியின் கனரக டாங்குகளின் வாலைப் பிடித்தபடி, வீட்டு வரிசைக்குப் பின்னால் இருந்து ஆட வேண்டும். ஹிம்மல்ஸ்டார்ஃப், என்ஸ்க் மாதிரி ஊர்களில் இது பிரெஞ்சு வண்டிகளை விடப் பல மடங்கு பயன்படும். மலினோவ்காவின் திறந்த வயலில் கஷ்டம்: எட்டும் தூரத்துக்குப் போனால் மறைவு இல்லை, மறைவில் நின்றால் எட்டாது. அங்கே வயலை விட்டுவிட்டு, சண்டை எந்தப் பக்கம் குவிகிறதோ அந்தப் பக்கம் அணியோடு போவதுதான் வழி.

பின்னால் போனால் செங்குத்தாக விழும் என்று மேலே சொன்னேன், அது எஃப்வி304க்குத் தேவையே இல்லை. இதையும் லொரேனையும் ஒரே வாரத்தில் மாற்றி மாற்றி ஆடுபவர்கள் இதைக் குழப்பிக்கொள்வார்கள்.

மண்மேடு:
ஷெல் பறக்கும் நேரமும் இதில் வித்தியாசம். ஷெல் 2 விநாடியில் போய்ச் சேரும், இலக்கு மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்றால் விநாடிக்கு 10 மீட்டர், ஆக 20 மீட்டர் முன்னால் சுட வேண்டும். 1000 மீட்டர் வரைபடத்தில் ஒரு கட்டத்தில் ஐந்தில் ஒரு பங்கு. பறக்கும் நேரம் 4 விநாடி என்றால் 40 மீட்டர். அந்த 4 விநாடியில் இலக்கு திரும்பிவிடும். மெதுவான ஷெல்லால் ஓடும் இலக்கைத் துரத்த வேண்டாம். நின்று சண்டையிடும் இருவரில், ஒதுங்க இடமில்லாதவரைத் தேர்ந்தெடுங்கள்.

எதிரே இருப்பவருக்கு ஷெல் வருவதை முன்கூட்டியே எச்சரிக்கும் வசதி 2021இல் 1.13 அப்டேட்டோடு வந்தது. கவனமாக ஆடுபவர் எச்சரிக்கை கேட்டதும் பின்வாங்குவார். ஒருவரையே மூன்று முறை குறி வைத்தால் மூன்றாவது முறை அவர் எந்தப் பக்கம் பின்வாங்குவார் என்பது தெரிந்துவிடும். அவர் நிற்கும் இடத்துக்கு அல்ல, அவர் ஒதுங்கும் இடத்துக்குச் சுடுங்கள். பறக்கும் நேரம் குறைந்த பிரெஞ்சு கன்னுக்கு இந்த எச்சரிக்கையால் பாதிப்பு குறைவு என்பதும் கவனிக்க வேண்டியது.

கட்டம்டி4:
ஸ்டன் பற்றி? எந்த ஷெல் ஏற்ற வேண்டும்?

அச்சாணி:
ஏற்றும் முன் ஷெல்லின் தகவலில் ஸ்டன் நேரம் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஷெல்லும் ஸ்டன் செய்யாது. ஸ்டன் ஆனவரின் ரீலோடு, எய்ம், ஓட்டம், பார்வைத் தூரம் எல்லாம் கொஞ்ச நேரம் மந்தமாகும். அந்த நேரத்தில் உங்கள் அணியினர் அவருக்குச் செய்யும் சேதம் உங்கள் கணக்கிலும் உதவியாக ஏறும். லைட் ஆர்ட்டியின் ஒற்றை ஷெல் சேதம் கனமான ஆர்ட்டியை விடக் குறைவு. ஆகவே அணியினர் சுட்டுக்கொண்டிருக்கும் ஆளைத் தேர்ந்தெடுத்து ஸ்டன் செய்வதில்தான் லாபம். யாரும் பார்க்காத மூலையில் தனியாக நிற்பவரை ஸ்டன் செய்து பயனில்லை. முதலுதவிப் பெட்டி வைத்திருப்பவர் உடனே ஸ்டனைக் கலைத்துவிடுவார். அது தீர்ந்தபின் இரண்டாவது ஷெல் முழுப் பலன் தரும்.

ஒருவரின் தடத்துக்கு அருகில் விழுந்தால்கூட சங்கிலி உடையலாம். திறந்த வெளியில் சங்கிலி உடைந்த டாங்க் உங்கள் அணியின் கைக்கு வந்துவிட்டது.

லொரேன்51:
பேட்-சாட் 155 58க்குக் கொஞ்சம் தனியாகச் சொல்கிறேன், மேலே சொன்ன நேரக் கணக்கு அதற்குப் பொருந்தாது. அது மேகசின் வண்டி. 9.18க்கு முன் நான்கு ஷெல், இப்போது மூன்று. ஷெல்லுக்கும் ஷெல்லுக்கும் நடுவே சில விநாடிகள், பிறகு மேகசின் நிறைய நீண்ட நேரம்.

மூன்று ஷெல்லுக்கும் நடுவே நகரவே வேண்டாம். நகர்ந்தால் வட்டம் விரிந்து, இடைவெளியில் கிடைத்த லாபம் போய்விடும். எதிரி ஆர்ட்டி உங்கள் முதல் ட்ரேசரைப் பார்த்து, குறி வைத்து, ஷெல் வந்து விழுவதற்குள் நீங்கள் இரண்டாவதைச் சுட்டிருப்பீர்கள். ஆபத்து மூன்றாவது ஷெல்லில். எதிரி ஆர்ட்டி உஷாராக இருக்கிறார் என்று தெரிந்தால் இரண்டோடு நிறுத்திக் கிளம்புங்கள். மூன்றாவதைப் புது இடத்தில் சுடலாம், அல்லது ஓட்டத்திலேயே சி விசை அழுத்தி மேகசினை மாற்றிக்கொள்ளலாம்.

மேகசின் நிறையும் நேரத்தில்தான் இந்த வண்டி உண்மையில் பறக்க வேண்டும். வரைபடத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கே போய்ச் சேரலாம். சண்டை எந்தப் பக்கம் முடியப்போகிறது என்று பார்த்து, அடுத்து வெடிக்கப்போகும் பக்கத்துக்குக் கிளம்புங்கள். வந்த பிறகு தேடாதீர்கள். மினிமேப்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது இந்த வண்டியில் பாதி வேலை.

முதல் ஷெல் தவறினாலும் எய்மை மாற்றாதீர்கள் என்பது இன்னொன்று. வட்டம் முழுதாகச் சுருங்கியிருந்தால் தவறியது அதிர்ஷ்டத்தால்தான், குறியால் அல்ல. பலர் பதறிக் குறியை நகர்த்தி மீதி இரண்டையும் வீணாக்குகிறார்கள்.

இளங்குண்டு:
ஸ்கவுட் நேராக வந்துவிட்டால்? ஓடித் தப்ப முடியுமா?

லொரேன்51:
முடியாது, 2019இல் 1.4 அப்டேட்டோடு பிரெஞ்சு ஈபிஆர் சக்கர வண்டிகள் வந்தபிறகு அந்த ஆசையையே விட்டுவிட வேண்டும். நம் 60 கி.மீ. அவற்றுக்கு ஒன்றுமில்லை. பின்னோக்கி ஓடும் வேகமோ இன்னும் குறைவு, அதில் தப்பப் பார்ப்பது வீண்.

செய்யக்கூடியது: ஆறாம் அறிவு விளக்கு எரிந்ததும் மேற்பார்வையை விட்டு வெளியே வாருங்கள். விளக்கு நீங்கள் ஸ்பாட் ஆன நொடியில் எரிவதில்லை, சுமார் 3 விநாடி கழித்துத்தான். அந்த 3 விநாடியில் அவர் ஏற்கெனவே நெருங்கியிருப்பார். ஷெல் ஏற்றியிருந்தால் சுட்டுவிடாமல் வைத்திருங்கள். வண்டியின் மூக்கை அவர் வரப்போகும் சந்து, மேடு, வீட்டு மூலை பக்கம் திருப்பி எக்ஸ் அழுத்திக் காத்திருங்கள். அவர் சுற்றி ஓட முயலும்போது அல்ல, நேராக வரும் அந்தக் கணத்தில், 30 மீட்டருக்குள் வந்தபின், வண்டியின் நடுவில் சுடுங்கள். மெல்லிய கவசத்தில் நேராகப் பட்ட 155 மி.மீ. ஷெல் பெரும்பாலும் ஒரே அடியில் முடித்துவிடும்.

இதற்காகவே சுற்றி எல்லாப் பக்கமும் திறந்த இடத்தில் நிற்கக் கூடாது. முதுகில் பாறையோ வீடோ இருந்தால் அவர் வர ஒரே வழிதான், உங்கள் கன் எல்லைக்குள்ளான வழி.

சக்கரவியூகம்:
ஒரு பக்கக் குறிப்பு, ஆனால் தெரிந்துகொள்வது நல்லது. உண்மையான ஏஎம்எக்ஸ் 13 எஃப்3இல் சுட்டுவிட்டு ஓடுவது இவ்வளவு சுலபமல்ல. ஏறக்குறைய 17 டன் எடையுள்ள அந்த வண்டியில் இரண்டு பேருக்குத்தான் இடம். 155 மி.மீ. கன்னை இயக்கும் மற்றவர்கள் இன்னொரு வண்டியில் கூட வர வேண்டும். சுடும் முன் பின்பக்கத்து மண்வாரிக் கால்களை நிலத்தில் ஊன்ற வேண்டும், கிளம்பும் முன் எடுக்க வேண்டும். ஆட்டத்தில் அந்த வேலை எதுவும் இல்லை. அதனால்தான் சுட்ட நொடியே கிளம்பு என்று இங்கே சொல்ல முடிகிறது.

புதர்ப்பூனை:
எல்லோருக்கும் நன்றி. இன்னும் ஒன்றே ஒன்று. ஆட்டத்தின் முதல் ஒரு நிமிடத்தில் லைட் ஆர்ட்டி என்ன செய்ய வேண்டும்? யாரும் ஸ்பாட் ஆகியிருக்க மாட்டார்கள்.

ட்ரேசர்வேட்டை:
இடம் பிடிக்கும் நேரம் அது, ஆனால் முன்வரிசை எங்கே நிற்கப்போகிறது என்று தெரிவதற்கு முன் 450 மீட்டர் வளையத்துக்குப் போகாதீர்கள். முதல் 30 விநாடி அணியின் கனரக டாங்குகள் எந்தப் பக்கம் போகின்றன என்று மட்டும் பாருங்கள். பெரும்பான்மை போகும் பக்கத்துக்கும் மற்றதற்கும் நடுவில், இரண்டையும் விசிறிக்குள் கொண்டுவரும் இடமாகப் பாருங்கள். எதிரியின் முதல் ஸ்கவுட் ஓட்டம் பெரும்பாலும் முதல் நிமிடத்தில்தான் வரும். அது அடங்கும் வரை புதருக்குப் பின்னால் 15 மீட்டர் தள்ளிச் சுடாமல் நில்லுங்கள். ஓடும் ஸ்கவுட்டை நோக்கி முதல் ஷெல்லை விடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. அது படாது, ட்ரேசர் மட்டும் நிற்கும். முதல் ஷெல் நின்றுவிட்ட ஒருவருக்காக இருக்கட்டும்.